கடைசி அறையின் நீளம்

புன்னைவனம் மகளிர் கல்லூரி விடுதியில் கீழ்த்தளத்துக் கடைசி அறை ஓர் ஆவணி மாதம் வளர ஆரம்பித்தது என்று சொன்னால், அப்போது அங்கே இருந்த பிள்ளைகள் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். "வளந்துச்சுதான், ஆனா ஃபேன் ஒண்ணே ஒண்ணுதான இருந்துச்சு" என்பார்கள். மனுசருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு குறை வேண்டும். வானத்திலிருந்து பொன்மழை பெய்தாலும், பொறுக்கிப் போடச் சாக்கு யார் தருவது என்று கேட்கிற ஊர் நம் ஊர்.

அறை வளர்ந்தது முத்துப்பேச்சியால். பேச்சி கோவில்பட்டிக்காரி. தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில், அடுப்பும் தையல் மிஷினும் சாமி படமும் பள்ளிக்கூடப் பைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கிற ஒற்றை அறையில், அப்பா, அம்மா, கல்யாணமாகாத சித்தப்பா, மூன்று தங்கச்சிமார் என்று எல்லோரோடும் வளர்ந்தவள். பாய் விரித்துவிட்டால் சுவருக்குச் சுவர் ஆள்தான். நடுவில் படுத்தவர் புரள வேண்டுமென்றால் "புரளுதேன்" என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உடனே வரிசை முழுவதும் தூக்கம் கலையாமலே ஒரே திசையில் புரண்டு படுக்கும். பேச்சிக்கு எப்போதும் நடு இடம். பிறந்ததிலிருந்து முதுகில் ஒருத்தியின் முழங்காலும் கழுத்தில் ஒருத்தியின் கையும் இல்லாமல் அவள் தூங்கியதே கிடையாது. அதையெல்லாம் பெரிய தொந்தரவு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இயற்பியல் படிக்க இடம் கிடைத்து, தகரப் பெட்டியும் வாளியுமாக வந்து சேர்ந்த அன்றைக்கு, ஓர் இரும்புக் கட்டிலைக் காட்டி இது உனக்கு என்று சொன்னபோது, "எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள். அறையில் ஏற்கெனவே இருந்த இரண்டாம் ஆண்டு அக்காமார் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி சண்முகவடிவு, விடுதியின் மெஸ் செயலாளர், ஊரையே கட்டி மேய்க்கிறவள். இன்னொருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு எந்நேரமும் பாட்டுக் கேட்கிறவள்; அவளால் யாருக்கும் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

பேச்சி அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள், யாரும் இல்லை. வலது கையை நீட்டினாள், யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் "புரளுதேன்" என்று சொல்லிப் பார்த்தாள். பதிலுக்கு யாரும் புரளாததால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். விடிந்ததும் சண்முகவடிவு, தினமும் செய்கிறபடி, படுத்த வாக்கிலேயே கையை நீட்டி அலமாரியில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கப் போனாள். கை ஒரு சாண் எட்டவில்லை. மறுநாள் ஒரு முழம் எட்டவில்லை. அதற்கடுத்த நாள் எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் கட்டிடம் இருந்தபடியே இருந்தது, ஜன்னலுக்கு வெளியே நின்ற கொய்யாமரமும் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே போனால் மட்டும் பின்சுவர் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

கறையான் வேலை என்றார்கள் சிலர். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வேறு சிலர் சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அடுத்த நாள் பார்த்தால் குங்குமம் வைத்த இடத்துக்குப் போக வாய்க்கு ரெண்டு கடலை மிட்டாய் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. கடைசியில் மெஸ்ஸில் சமைக்கிற ராசாத்தி அக்காதான் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பேச்சியின் அம்மா போன் பண்ணினபோது, அம்மா ஒவ்வொரு தங்கச்சியாகப் பேச விட விட, சுவர் பொறுமையாகப் பின்னால் நகர்ந்ததைக் கரண்டியும் கையுமாக நின்று பார்த்திருக்கிறாள். "இந்தப் புள்ளைக்கு ஊட்டு ஏக்கம். அதான் சொவரு போவுது" என்று சொல்லிவிட்டுத் தாளிப்பு கருகுகிறது என்று போய்விட்டாள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. வீட்டை நினைத்தால் சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலருக்குப் பேதி ஆகும், இவளுக்கு அறை நீள்கிறது. உடம்புக்கு உடம்பு வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

வார்டன் குணசுந்தரி மேடம் பொருளாதாரம் நடத்துகிறவர். வெயிலானாலும் மழையானாலும் குடை இல்லாமல் வெளியே வர மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு அறைக்குள் நடந்து, போனவர் திரும்பி வருவதற்குள் வாசலில் நின்ற பிள்ளைகளுக்குக் கால் கடுத்துவிட்டது. சுவரில் விரிசல் உண்டா என்று கேட்டார், இல்லை என்றார்கள். ஒழுகுகிறதா என்று கேட்டார், இல்லை என்றார்கள். அப்புறம் என்ன என்றார். விடுதியில் இடம் கேட்டுப் பெற்றோர் வந்து வந்து அழுதுவிட்டுப் போகிற கல்லூரி அது. இருக்கிற வளத்தை வீணாக்குவது அவர் படித்த படிப்புக்கே அடுக்காது. மறு வாரமே கிட்டங்கியில் துருப்பிடித்துக் கிடந்த கட்டில்களைத் துடைத்து எடுத்துவந்து அந்த அறையில் வரிசையாகப் போட்டார்.

அப்படி வந்தவர்களில் கடைசியாக வந்தவள் ஜெர்லின். கடலோரத்துப் பெண், அப்பா மிக்கேல் கட்டுமரத்தில் ஆரம்பித்து இப்போது சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறவர். பேச்சியின் வகுப்புதான். விடுதியில் இடம் கிடைக்காததால் அதுவரைக்கும் இரண்டு பஸ் மாறி வந்துபோய்க்கொண்டிருந்தாள். காலையில் முதல் பாடம் முடிகிற நேரத்துக்கு வந்து சேர்வாள், செய்முறை வகுப்பு இருக்கிற நாளில் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கி, விளக்கில்லாத உடைமரக் காட்டுப் பாதையில் தனியாக நடப்பாள். ஒருநாள் யாரோ பின்னாலேயே வந்தான் என்று ஓடிப்போய்க் காலில் முள் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதிலிருந்து, விடுதி கிடைத்தால் படி, இல்லாவிட்டால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். பிள்ளைமேல் இருக்கிற பிரியத்தில்தான் சொன்னார். பிரியத்தில் சொல்கிற வார்த்தையை எதிர்த்துப் பேசுவதுதான் கஷ்டம். இடம் கிடைத்தது என்று தெரிந்த அன்று அம்மன் குங்குமத்துக்குப் பக்கத்திலேயே ஜெர்லின் மாதா படத்தை ஒட்டி, இருவருக்கும் பொதுவாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும்தான் அந்த அறையின் அருமை விடுதிக்கு முழுதாகத் தெரிந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாமல் ஈர வாடையோடு அலைந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே கொடி கட்டினார்கள். பாவாடைகளும் சுடிதார்களும் துண்டுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் தொங்கின, அவற்றை விலக்கிக்கொண்டு போனால் நடுவில் கோகோ அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது, அதையும் தாண்டிப் போனால் நடந்துகொண்டே படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற மூன்றாம் ஆண்டு அக்காமார் புத்தகத்தை விரித்துக்கொண்டு நடந்தார்கள், போகும்போது ஒரு பாடமும் வரும்போது ஒரு பாடமும் முடிந்தன. விளையாட்டுத் துறையிலிருந்து யாரோ ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து உள்ளே விட்டார்கள். வருகை எடுக்க வருகிற உதவி வார்டன் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் மேடம்" என்ற பதில் அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் வந்து சேர்ந்தது. அதனால் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஆனால் ஃபேன் ஒன்றுதான். அது வாசலுக்குப் பக்கத்தில், அறை சின்னதாக இருந்தபோது மாட்டியது மாட்டியபடி, கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அறை எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, எல்லோரும் கட்டிலை ஃபேனுக்கு அடியில் இழுத்தார்கள். பேச்சியின் கட்டில் நேர் கீழே இருந்தது. ஜெர்லின் வந்த முதல் நாளே, யாரிடமும் கேட்காமல், தன் கட்டிலைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து பேச்சியின் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். இத்தனை மாதம் பஸ்ஸில் நின்றே வந்துபோன களைப்பு அவளுக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள், தூக்கத்தில் முழங்காலைக் கொண்டுவந்து பேச்சியின் முதுகில் முட்டுக்கொடுத்தாள். பேச்சிக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. பாதித் தூக்கத்தில் அவள் "புரளுதேன்" என்றாள். பக்கத்தில் ஜெர்லின் ஒரு வார்த்தை கேட்காமல் புரண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் கடைசிக் கொடி தொய்ந்துபோய் ஈரத் துணியெல்லாம் தரையில் கிடந்தது. கொடியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்கும் மறுநாள் திரும்பத் தொய்ந்தது. சுவர் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தபோது, கோகோ அணி கொய்யாமரத்தடிக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் புன்னைவனம் விடுதியில் நடந்தது உலகத்தில் வேறெந்த விடுதியிலும் நடந்திருக்காது. புதிதாக வருகிற பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்ள வேண்டும் என்று எங்கும் பாடுபடுவார்கள். இங்கே ஒரு பிள்ளை பழகிவிடக் கூடாது என்று ஆளாளுக்குப் பாடுபட்டார்கள். குணசுந்தரி மேடம் எல்லோரையும் மெஸ்ஸில் கூட்டி, நிலைமையை எடுத்துச் சொல்லி, முத்துப்பேச்சிக்கு இந்த இடம் பிடிக்காமல் இருக்க அவரவரால் ஆனதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பேச்சியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை தீர்மானம் நிறைவேறியது என்று கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

ராசாத்தி அக்கா அவள் தட்டுக்கு மட்டும் சாம்பாரில் தண்ணீர் கலந்து ஊற்றினாள். அதற்குள் பேச்சி அப்பளத்தை நொறுக்கிப் போட்டால் எந்தச் சாம்பாரும் இறங்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். சண்முகவடிவு அவளைக் கண்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனால் ஊரைக் கட்டி மேய்க்கிறவளுக்குப் பேசாமல் இருப்பது தண்ணீரில்லாமல் மீன் இருக்கிற மாதிரி, மாலைக்குள் அவளே வந்து வட்டிக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போனாள். மேடம் தன் போனையே கொடுத்து, எந்நேரமும் அம்மாவோடு பேசிக்கொள் என்றார். அம்மாவோ தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, "நீ போனதுல எல்லாருக்கும் காலு நீட்ட எடம் கெடச்சிருக்குளா. சித்தப்பாவுக்கு வேற பொண்ணு பாத்துட்டோம். நல்லாத் திங்கியா? அப்ப வைக்கட்டா?" என்றாள். பேச்சி சிரித்துவிட்டாள். சுவர் அரை முழம் உள்ளே வந்தது.

சிரித்தாளே தவிர அவளுக்கு உள்ளுக்குள் குற்றம் குறுகுறுத்தது. தான் நன்றாகத் தூங்கத் தூங்க ஜெர்லினின் இடம் குறைகிறது. அவள் பக்கத்தில் இருப்பதால்தான் தான் நன்றாகத் தூங்குகிறோம். இதில் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு இறுகத்தான் செய்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வம்படியாக வீட்டை நினைத்துப் பார்த்தாள். நினைப்பெல்லாம் வேடிக்கையாகவே வந்து நின்றது. மெஸ்ஸில் ஒரு கூடை வெங்காயத்தை உரித்துக் கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீரைச் சுவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

சண்டை போட்டுக்கொள்ளலாம் என்றது ஜெர்லின்தான். ஒரு நாளும் அவள் பேச்சியைக் குறை சொன்னதில்லை. என்ன சண்டை போடுவது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்து, வாளி மாறிப்போனதற்குச் சண்டை என்று முடிவு செய்தார்கள். கட்டில்களைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிசமாகவே சுவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. மேடம் வந்து பார்த்துவிட்டு, இப்படியே தொடரட்டும் என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று மதியம் செய்முறை வகுப்பு. இருவரும் ஒரே மேஜை. ஊசல் எத்தனை தரம் ஆடுகிறது என்று பேச்சி எண்ண வேண்டும், ஜெர்லின் நேரம் பார்க்க வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் ஒருத்தி எண்ண ஆரம்பித்தது இன்னொருத்திக்குத் தெரியவில்லை, நிறுத்தியதும் தெரியவில்லை. இருவரும் புவியீர்ப்பைக் கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது, இந்த விடையைப் பார்த்தால் நம் கல்லூரி நிலாவில் இருப்பதாகத் தெரிகிறதே என்று பேராசிரியர் கேட்டார். அங்கே ஆரம்பித்த சிரிப்பு அறைக்கு வந்து சேரும்வரை அடங்கவில்லை. போன வாரம் முழுக்க வந்ததைவிட அதிகமாகச் சுவர் ஒரே சாயங்காலத்தில் உள்ளே வந்துவிட்டது.

மார்கழி பிறந்தபோது அறை பழையபடி மூன்று கட்டில் போடுகிற அறையாக நின்றது. கூடுதலாக வந்தவர்களைக் குணசுந்தரி மேடம் ஒவ்வொருத்தியாக வேறு அறைகளில் திணித்தார். கல்யாணமாகிப் போனவள் இடத்தில் ஒருத்தி, மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போனவள் இடத்தில் ஒருத்தி. கடைசியாக வந்த ஜெர்லினுக்கு மட்டும் எங்கும் ஒரு மூலை கிடைக்கவில்லை. நான்காவது கட்டில் கிடந்ததில் கதவு பாதிதான் திறந்தது, உள்ளே வருகிறவர்கள் கட்டில் மேல் ஏறித்தான் வர வேண்டியிருந்தது. பேச்சி தான் போய்விடுகிறேன் என்று மேடத்திடம் போய் நின்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உன்னை அனுப்பினா அவளுக்கு இங்க தூக்கம் வருமா? போம்மா, எனக்கும் நல்லா இல்ல" என்றார். அவருக்கு அது மெய்யாகவே நல்லாயில்லை. அன்று வகுப்பில் தேவை, அளிப்பு என்று பலகையில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

சனிக்கிழமை காலையில் மிக்கேல் ஒரு லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். பிள்ளையின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு வந்தவர், என்னவோ விருந்துக்கு வந்தவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆம்பளைகள் உள்ளே வரக் கூடாது என்பதால் வராந்தாவில், அறை வாசலுக்கு நேரே, மேடத்துக்குப் பக்கத்தில் நின்றார். வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ராசாத்தி அக்கா வழியில் தின்ன இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான்காவது கட்டிலை முதலிலேயே வெளியே தூக்கி வைத்தாகிவிட்டது. ஜெர்லின் மாதா படத்தைச் சுவரிலிருந்து உரித்துப் பையில் வைத்தாள், வாளியைப் பேச்சியின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், நீயே வச்சுக்கோ என்று சொன்னாள். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழக் கூடாது என்று தன்னிடம் தானே சத்தியம் வாங்கியிருந்ததால் அழவில்லை. ஜெர்லினின் முதுகையும், பின்னலையும், பெட்டியின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த தோளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் "புரளுதேன்" என்றால் யாரிடம் சொல்வது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செய்முறை வகுப்பில் யார் நேரம் பார்ப்பார்கள், அப்பளத்தை நொறுக்கும்போது பாதியை யார் பிடுங்குவார்கள், இந்தப் பிள்ளை அந்த உப்புக் காற்றில் உட்கார்ந்து என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெர்லின் நடந்தாள். கட்டிலுக்கும் வாசலுக்கும் நான்கு எட்டு. நான்கு எட்டு வைத்தாள், வாசல் இன்னும் கொஞ்சம் முன்னால் இருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தாள், வாசல் அந்தக் கொஞ்சத்துக்கு மேல் இன்னொரு கொஞ்சம் தள்ளியிருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள். வாசலும் எட்டிப் போட்டது. தரை அவள் காலடியில் பாய் விரிக்கிற மாதிரி விரிந்துகொண்டே போனது. வராந்தாவில் நின்ற பிள்ளைகளின் முகம் மங்கி, வெறும் தாவணியும் சுடிதாருமாகத் தெரிந்து, பிறகு நிறமாக மட்டும் தெரிந்தது. பெட்டியை இடது கைக்கு மாற்றினாள், திரும்ப வலது கைக்கு மாற்றினாள். ஒரு மழைக்காலம் முழுக்க விடுதியே கொடி கட்டித் துணி காயப்போட்ட நீளத்தையும் தாண்டி நடந்தாள். முகம் தெரியாத தூரத்திலிருந்து மேடத்தின் குரல், வாம்மா, இன்னும் கொஞ்சம்தான், வா வா என்று ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தது. லோடு ஆட்டோக்காரர் வெயிட்டிங் காசு யார் தருவா என்று விசாரித்தது அதைவிட மெதுவாகக் கேட்டது.

வாசலில் மிக்கேல் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து உள்ளே பார்த்தார். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று கரையில் நின்று பார்த்துப் பழகின கண். ஒரு புள்ளி தெரிந்தது. அது பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் ராசாத்தி அக்காவின் கையிலிருந்த இட்லி ஆறிப்போய்விட்டது.

"மேடம்," என்றார், "இது இன்னிக்கிக் கரைக்கு வராது."

"கொஞ்சம் பொறுங்க, வந்துருவா."

"வரமாட்டா மேடம். யாரோ உள்ள இருந்து கயித்தப் புடிச்சு வலிக்காவ." வெள்ளைச் சட்டையின் கையை மடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையைக் குவித்து அறைக்குள் சத்தம் கொடுத்தார். "மக்ளே, நீ இரி. படிச்சிட்டு வா. அப்பா போறேன்."

அந்தச் சத்தம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. குணசுந்தரி மேடம் குடையை இரண்டு தரம் தரையில் தட்டினார். இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைப்பதற்கு அவர் படித்த படிப்பு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே கிடந்த நான்காவது கட்டிலை உள்ளே தூக்குங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஃபேன் இன்னொன்று வாங்க முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

உள்ளே, எங்கோ நடு வழியில், அப்பாவின் சத்தம் வந்து சேர்ந்ததும் ஜெர்லின் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. தண்ணீர்ப் பாட்டிலோடு பேச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு தூரத்தை இவள் எப்படி இவ்வளவு சீக்கிரம் கடந்து வந்தாள் என்று ஜெர்லினுக்கு ஆச்சரியமாக இல்லை. பாதித் தண்ணீரைக் குடித்தாள், வாயைத் துடைத்தாள்.

"ஏட்டி, ஒங்க அம்மைய நெனச்சியா?"

"இல்ல."

"தங்கச்சிமாரயா?"

"ஒன்னத்தான் நெனச்சேன்."

ஜெர்லின் திரும்பி அவளைப் பார்த்தாள். "நான் இன்னும் போகவே இல்லயட்டி."

"அதான் ஒன்னால போவ முடியல," என்றாள் பேச்சி. சத்தியத்தை மறந்து அழுதாள்.

ஜெர்லின் அவளை அழவிட்டாள். பிறகு இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். கட்டில் இரண்டு எட்டில் இருந்தது.